நகைச்சுவைக் கட்டுரைகளைச் சொந்தமாகப் புத்தகம் போடுவது: எழுதும் முறை, பக்கக் கணக்கு, கிண்டில்

கேள்வி: மொட்டைமாடி

கையில் 38 நகைச்சுவைக் கட்டுரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 600 சொற்கள். பதிப்பகங்களுக்கு அனுப்பிக் காத்திருக்கும் எண்ணமில்லை, சொந்தமாகவே போடலாம் என்று முடிவு. மூன்று சந்தேகங்கள்: எடிட்டர் இல்லாத குறையை எழுதும்போதே எப்படிச் சரிக்கட்டுவது? அச்சில் டெமி அளவில் எத்தனை பக்கம் வரும்? கிண்டிலில் கார்ட்டூன் படங்களோடு போட்டால் ஏதாவது சிக்கல் உண்டா?

பதில் 1: அடித்தல்திருத்தல்

முதலில் 38-ஐ 30 ஆக்குங்கள். நகைச்சுவையில் எட்டு சுமாரான கட்டுரைகள் மீதி முப்பதையும் கீழே இழுத்துவிடும். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு கட்டுரையும் எதைக் கேலி செய்கிறது என்று ஒரே சொல்லில் எழுதிப் பாருங்கள். மாமியார், மின்தடை, டயட், மறுபடி டயட் என்று வந்தால் பலவீனமான டயட்டை வெட்டுங்கள். பத்திரிகையில் வாரம் ஒன்று படிக்கும்போது இந்தத் திரும்பல் கண்ணில் படாது. புத்தகத்தில் ஒரே உட்காரலில் ஆறு கட்டுரை படிப்பவருக்கு மூன்றாவதிலேயே தெரிந்துவிடும்.

எழுதும் வழக்கம்: முதல் வரைவு ஒரே அமர்வில் முடிய வேண்டும். 600 சொல் கட்டுரையை மூன்று நாள் இழுத்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குரல் வந்துவிடும். பிறகு குறைந்தது இரண்டு வாரம் தொடாதீர்கள். எழுதிய சூட்டில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆறிய பிறகு சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாசகருக்கும் தடுக்கும்.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. நம் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது, சிரிப்பு பெரும்பாலும் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. "குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி மூன்று மாதம் கழித்து வீட்டு ஓனர் ஒரு வாளியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்." இதில் வாளிக்குப் பிறகு மூன்று சொற்கள் நொண்டிக்கொண்டே வருகின்றன. "குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி மூன்று மாதம் கழித்து ஓனர் கொண்டுவந்தது, ஒரு வாளி." அவ்வளவுதான். 'கொண்டுவந்தது', 'சொன்னது', 'மிஞ்சியது' என்று வினையாலணையும் பெயரை முன்னால் தள்ளினால் பஞ்ச் கடைசிக்கு வந்துவிடும். பக்கத்துக்கு ஒருமுறை போதும். எல்லா வாக்கியமும் இப்படி முடிந்தால் விளம்பர வாசகம் மாதிரி ஆகிவிடும்.

ஆச்சரியக்குறியைக் கட்டுரைக்கு இரண்டு என்று ரேஷன் போடுங்கள். "!!!" என்று போடுவது, சிரிக்கச் சொல்லி வாசகரின் தோளைத் தட்டுவதுதான்.

வாட்ஸ்அப்பில் சுற்றிய துணுக்கை நடுவில் சொருகாதீர்கள். ஒன்று அகப்பட்டாலும் மீதி எல்லாம் சுட்டதுதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பதில் 2: ஃபாரம்16

பக்கக் கணக்கு இதோ. டெமி 1/8 (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்), எழுத்து 11 புள்ளி என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல் நிற்கும். 38 கட்டுரை × 600 = 22,800 சொல், அதாவது 114 பக்கம். ஒவ்வொரு கட்டுரையும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் சராசரி அரைப் பக்கம் வீண், அது 19. முன்பக்கங்கள் 8. மொத்தம் 141. ஆஃப்செட்டில் ஒரு ஃபாரம் (சேர்த்து அச்சிட்டு மடிக்கும் தாள்கட்டு) 16 பக்கம், ஆக 144, ஒன்பது ஃபாரம். மேலே சொன்னபடி 30 கட்டுரை என்றால், முன்பக்கங்களை 7 ஆகக் குறைத்து, 90 + 15 + 7 = 112, சரியாக ஏழு ஃபாரம். 113 ஆகிவிட்டால்தான் தலைவலி, ஒரு பக்கத்துக்காக எட்டாவது ஃபாரத்துக்குக் காசு.

50, 100 பிரதி என்றால் பிஓடி, அதாவது தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் அச்சு. அதில் ஃபாரம் கணக்கு இவ்வளவு கறாராக இருக்காது. தாள் 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) நேச்சுரல் ஷேட், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை போட்டு ஒட்டுவது). மலிவு என்று மெல்லிய தாளுக்குப் போனால் கார்ட்டூனின் கறுப்பு மறுபக்கம் தெரியும்.

விலை விஷயத்தில்தான் பலரும் விழுவது. உதாரணத்துக்கு, பிரதிக்கு அச்சுச்செலவு ₹80 என்று வையுங்கள். ₹160 விலை போட்டு, கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் கைக்கு ₹96. அதில் ₹16 மிச்சம், அது பார்சலுக்கே பற்றாது. அச்சுச்செலவைப் போல இரண்டரை மடங்குக்குக் குறையாமல் விலை வையுங்கள்.

லேஅவுட்டில் இரண்டு விஷயம். யூனிகோடில் கொடுத்த கோப்பைச் சில இடங்களில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது ஆங்கில எழுத்தும் மேற்கோள்குறியும் கன்னாபின்னாவென்று மாறும். யூனிகோடிலேயே வைக்கச் சொன்னால், இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் 'கொ' 'கோ' வரும் இடமெல்லாம் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். இரண்டாவது, கட்டுரையின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் பஞ்ச் முன்கூட்டியே கண்ணில் பட்டால் கட்டுரை செத்தது.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண், இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். யாராவது அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் அது அவர்களுடைய கூலி. புத்தகம் வந்த 30 நாளுக்குள் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சொந்தப் பதிப்புக்காரர்கள் மறக்கிற முதல் வேலை இது.

பதில் 3: பத்துசதம்

கிண்டில் பற்றி. டாக்எக்ஸ் (வேர்டு கோப்பு) அல்லது இபப் (மின்னூல் கோப்பு) கொடுங்கள், தமிழுக்கு பிடிஎஃப் வேண்டாம். தலைப்புகளை எழுத்தைப் பெரிதாக்கி மட்டும் விடாமல் 'ஹெடிங் 1' ஸ்டைலில் வையுங்கள். அப்போதுதான் பொருளடக்கம் சொடுக்கினால் வேலை செய்யும். அட்டை 1600 × 2560 பிக்சல்.

படங்கள்தான் பணத்தைத் தின்னும் இடம். அமேசான் இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி (கிண்டிலில் நாமே பதிப்பிக்கும் அமேசான் சேவை) செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். 90 நாளுக்கு மின்னூலாக வேறெங்கும் விற்கக் கூடாது, உங்கள் வலைப்பூவில்கூட முழுதாக இருக்கக் கூடாது. அந்த 70 சதவீதத்தைக் கணக்கிடும் முன் விலையிலிருந்து கோப்பின் எடைக்கு எம்பிக்கு ₹7 பிடிப்பார்கள். 20 கார்ட்டூன், ஆளுக்கு 300 கேபி என்றால் 6 எம்பி, ₹42. ₹120 விலையில், வரியைத் தள்ளிவைத்துப் பார்த்தால், (120 − 42) × 0.7 = ₹54.60. படமில்லாமல் 0.3 எம்பி கோப்பு என்றால் ₹82.50 வரும். கோட்டுச் சித்திரத்தைக் கறுப்புவெள்ளையாக மாற்றி அகலத்தைக் குறைத்தாலே கோப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று எல்லாரும் செய்கிறார்கள். மாதிரி வாசிப்பாகக் கிடைப்பது புத்தகத்தின் முதல் பத்து சதவீதம். நம் வழக்கப்படி வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை, நன்றி என்று வைத்தால் மாதிரியாகக் கிடைக்கும் பக்கமெல்லாம் 'நகைச்சுவை ததும்பும்' என்று பிறர் சத்தியம் செய்வதிலேயே போய்விடும். ஒரு ஜோக்கையும் படிக்காமல் யார் வாங்குவார்? அணிந்துரைகளைக் கடைசிக்குத் தள்ளி, ஆகச் சிறந்த இரண்டு கட்டுரைகளை முன்னால் வையுங்கள். மூன்றாவது சிறந்தது இறுதியில்.

மொட்டைமாடி

அணிந்துரை கொடுத்தவர் கோபித்துக்கொள்வாரே! இன்னொன்று: நான்கு கட்டுரைகளில் சினிமாப் பாட்டு வரிகள் வருகின்றன. ஒன்றில் எங்கள் தெருக்காரர் ஒருவர் அப்படியே வருகிறார்.

பதில் 4: அடித்தல்திருத்தல்

அச்சில் முன்னால் வைத்துவிட்டு கிண்டிலில் மட்டும் பின்னால் வையுங்கள். அவர் வாங்கப்போவது அச்சுப்பிரதிதான், அதுவும் இலவசமாக.

பாட்டு வரிகளுக்கு இந்தியாவில் காப்புரிமை எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை. பாட்டின் முதல் இரண்டு சொல்லைச் சொல்லி மீதியைப் பாத்திரம் தப்பாகப் பாடுவதாக நீங்களே எழுதுங்கள். சிரிப்பும் கூடும்.

தெருக்காரருக்குப் பெயர் மட்டும் மாற்றினால் போதாது. தொழில், வாகனம், வீட்டு அடையாளம் மூன்றையும் மாற்றுங்கள். அவரை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆவது பிரிவில் அவதூறு வழக்குப் போட அவருக்கு வழியிருக்கிறது. உங்கள் தெருவில் ஒருவரும் புத்தகம் படிக்க மாட்டார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து எல்லாரும் படிப்பார்கள்.