புதுப்பிப்பு: பாட்டியின் 1957 பத்திரிகை போலவே அடித்தாயிற்று

தாத்தா பாட்டி கல்யாணப் பத்திரிகையை மாதிரியாக வைத்து என் கல்யாணத்துக்கு நானே வடிவமைக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். 250 பிரதி நேற்று கைக்கு வந்தது.

அதிகம் படுத்தியது எழுத்துதான். 'நிகழும் ஹேவிளம்பி வருஷம்' என்று தொடங்கும் அந்தத் தாளில் லை, னை எல்லாம் பழைய வடிவம்: ஐகாரக் குறி தனியாக நிற்காமல், யானைத் தும்பிக்கை போல எழுத்தோடு ஒட்டி வளைந்திருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் போனவை. என்னிடம் இருந்த எந்த எழுத்துருவிலும் அவை இல்லை. கடைசியில் பத்திரிகையை ஸ்கேன் செய்து, 'காலை', 'முன்னிலையில்' இரண்டையும் ஒவ்வொரு வளைவாக வரைந்தேன். இரண்டு ராத்திரி போயிற்று. அச்சகத்துக்காரர் அதைப் பிழை என்று நினைத்து, மாதிரிப் பிரதியில் புது எழுத்துக்கு மாற்றிவிட்டார்! நல்லவேளை, பார்த்துவிட்டேன்.

காகிதம்: முதலில் பளபள லேமினேஷன் அட்டை. மூலையில் மஞ்சள் தடவினால் ஒட்டவே இல்லை, வழித்துக்கொண்டு வந்தது. அப்புறம் பூச்சில்லாத தந்த நிறத் தாள், அரக்குச் சிவப்பு மை.

பாட்டி 'காலை'யை விரலால் தடவிப் பார்த்து, "இப்படித்தான் நான் எழுதுவேன்" என்றாள். அத்தைக்கு மட்டும் குறை: "தங்க ஜரிகை எங்கேடி?"