நீலச் சுவர் என்றால் சோகமா? ஒரு படமும் ஒரு சந்தேகமும்

மருதுநாட்டான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் வீட்டில், பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு எடுத்த ஒரு படத்தைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். எங்கள் அப்பத்தா உள்ளறைச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் பச்சரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். சுவருக்கு அன்று காலையில்தான் நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்திருந்தோம். அறையில் விளக்குப் போடவில்லை. வடக்குப் பார்த்த ஒரே ஜன்னலின் வெளிச்சம்தான். கேமராவில் ஒயிட் பேலன்ஸ் (எந்த வெளிச்சத்தில் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) வழக்கம்போல வெயில் குறியில், அதாவது 5200 கெல்வினில், இருந்தது.

இந்தப் படத்தை எங்கள் பகுதி ஒளிப்பட ஆர்வலர்களின் மாதக் கூட்டத்தில் காட்டினேன். பார்த்தவர்கள் அனைவரும் பாராட்டினார்கள், ஆனால் அனைவரும் ஒரே காரணத்துக்காகப் பாராட்டினார்கள்: முதுமையின் தனிமையை நீல நிறம் உருக்கமாகச் சொல்லிவிட்டதாம். ஒருவர் தமது கைப்பேசியில் ஓர் அட்டவணையையே எடுத்துக் காட்டினார். அதில் சிவப்புக்குக் கோபம், நீலத்துக்குத் துயரம், மஞ்சளுக்கு மகிழ்ச்சி, பச்சைக்கு அமைதி என்று வரிசையாகப் போட்டிருந்தது.

எனக்கோ அந்தப் பாராட்டு முள்ளாகக் குத்தியது. அன்று வீட்டில் பதினான்கு பேர் இருந்தோம். அப்பத்தா அரிசி பொறுக்கிக்கொண்டே கரும்பைக் கடித்துத் துப்பிய பேரன்களை வைதுகொண்டிருந்தார். புதுச் சுண்ணாம்பு மணம் இல்லாமல் எனக்குப் பொங்கலே இல்லை. அந்த நீலம் எனக்குப் பண்டிகையின் நிறம். அப்படியிருக்க, நான் மகிழ்ச்சியை எடுத்த படத்தில் அவர்கள் துயரத்தைப் பார்த்தது எப்படி? உணர்வு வண்ணத்தில் இருக்கிறதா, பார்ப்பவர் மனத்தில் இருக்கிறதா, அல்லது எடுக்கும்போது நான்தான் ஏதோ தவறு செய்துவிட்டேனா? படத்தின் ரா கோப்பு, அதாவது கேமரா பதிந்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் மூலக் கோப்பு, என்னிடம் இருக்கிறது.

நிழற்பெட்டி:

வணக்கம் நண்பரே. நீங்கள் இணைத்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரை மறந்துவிட்டு முறத்தைப் பாருங்கள். அரிசி நீலமாக இருக்கிறது. அப்பத்தாவின் நரைமுடியும் நீலமாக இருக்கிறது, கன்னத்தின் ஜன்னல் பக்கமும் அப்படித்தான். உங்கள் சிக்கல் சுவரில் இல்லை, அரிசியில் இருக்கிறது.

வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது. வானத்தின் வெளிச்சம் மட்டுமே வரும். அதன் நிற வெப்பநிலை 7000 கெல்வினுக்கு மேலும் போகக்கூடும். மெழுகுவத்தி ஏறத்தாழ 1900, பழைய குண்டு பல்பு 2700 முதல் 3000, நண்பகல் வெயில் 5500 என்று வைத்துக்கொண்டால், எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகிறது என்பது புரியும். நீங்கள் கேமராவிடம் 'இது வெயில்' என்று சொல்லிவிட்டீர்கள். அது உங்களை நம்பி, வானத்தின் நீலத்தைக் கொஞ்சமும் கழிக்காமல் அப்படியே பதிவு செய்துவிட்டது. அறையில் நின்றிருந்த உங்கள் கண் சில நொடிகளிலேயே அந்த வெளிச்சத்துக்குப் பழகி அரிசியை வெள்ளையாகக் கண்டிருக்கும். ஆனால் படத்தை வேறோர் அறையில், வேறு விளக்கின் கீழ் பார்ப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடைக்காது.

ஒரு படத்தில் ஒரு பொருள் மட்டும் நீலமாக இருந்தால், பார்ப்பவர் அதை அந்தப் பொருளின் நிறமாக எடுத்துக்கொள்கிறார். வெள்ளையாக இருக்க வேண்டியவை எல்லாம் நீலமானால் அதை வெளிச்சத்தின் நிறமாக, அதாவது அந்த நேரத்தின் நிறமாக, எடுத்துக்கொள்கிறார். விடியலுக்கு முந்தைய பொழுது, மழைநாள், குளிர், நோய் என்று அவர் மனம் போகிறது. தோலில் நீலம் ஏறினால் நோய் நினைவு வராமல் இருக்காது. கூட்டத்தில் இருந்தவர்கள் சொன்னதற்கு அட்டவணை காரணமில்லை என்றே நினைக்கிறேன். அட்டவணையை ஒருவர் பின்னால் ஒரு சாக்காக எடுத்துக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

ரா கோப்பைத் திறந்து, அரிசி வெள்ளையாகும் வரை கெல்வின் எண்ணை ஏற்றிப் பாருங்கள். மென்பொருளில் எண்ணை ஏற்றினால் படம் மஞ்சளாகும். இது பலரைக் குழப்பும். 'வெளிச்சம் இவ்வளவு நீலமாக இருந்தது, அதற்கு ஈடு செய்' என்று நீங்கள் சொல்வதாக அதற்குப் பொருள். சுவர் அப்போதும் நீலமாகவே நிற்கும், ஏனென்றால் அது சாயத்தின் நீலம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் மட்டும் விடாதீர்கள். படச்சட்டத்தின் பாதியை நீலச் சுவர் அடைத்திருப்பதால், அது சுவரையும் சேர்த்துச் சாம்பலாக்கி, அப்பத்தாவுக்கு மஞ்சள் காமாலை வந்ததுபோல் ஆக்கிவிடும்.

சாயப்பட்டறை:

நிழற்பெட்டி ஐயா சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் அந்த அட்டவணையை அவ்வளவு எளிதாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. துணிக்குச் சாயம் ஏற்றும் தொழிலில் பல வருடம் இருந்தவன் என்பதால் நீலத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில், சுண்ணாம்பில் நீலம் கலப்பது எதற்காக? சுவரை நீலமாக்குவதற்கு இல்லை, வெளுப்பாகக் காட்டுவதற்குத்தான். சுண்ணாம்பும் சரி, பலமுறை துவைத்த வேட்டியும் சரி, லேசான மஞ்சள் ஓடியிருக்கும். துளி நீலம் அந்த மஞ்சளை அடித்துவிடுவதால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. நீலப் பொடியாக வழக்கத்தில் உள்ள அல்ட்ராமரின் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும், புளிப்புப் பட்டால்தான் கெடும். அதனால்தான் அது சுவரில் நிற்கிறது. கை கொஞ்சம் தாராளமானால் சுவர் வானமாகிவிடும், உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். ஆகவே அந்தச் சுவரின் நீலத்துக்கு உங்கள் ஊரில் பொருள் 'வெள்ளை', 'சுத்தம்', 'வீடு தயார்' என்பதாகும். இதை எந்த அட்டவணையும் சொல்லாது.

இரண்டாவது, நீலத்தைத் துயரத்தோடு கட்டுவது ஆங்கிலப் பேச்சுவழக்கு. நம் பேச்சில் மனிதருக்கு முகம் சிவக்கும், கறுக்கும், வெளுக்கும். வருத்தத்தில் யாருக்கும் முகம் நீலமாவதில்லை, விஷம் ஏறினால்தான் ஆகும். தொல்காப்பியத்தின் உரியியல் கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொற்களுக்கும் முதலில் வெகுளி என்றே பொருள் கூறுகிறது. அவை நிறத்தையும் குறிக்கும் என்பதை அடுத்த நூற்பாவில்தான் சொல்கிறது. நிறச்சொல்லும் உணர்வுச்சொல்லும் அவ்வளவு பழைய உறவினர்கள் என்றாலும், அந்த உறவு ஒவ்வொரு மொழியிலும் வேறு மாதிரி. பிரிவுத் துயரத்துக்குச் சங்கப் புலவர்கள் கண்ட நிறம் பசலை, அதாவது பீர்க்கம்பூவைப் போன்ற மஞ்சள். அதே மஞ்சள் திருமணப் பத்திரிகையின் நான்கு மூலைகளிலும் மங்கலமாக இருக்கிறது, கடன்பட்டவன் கொடுக்கும் மஞ்சள் கடுதாசியில் அவமானமாகவும் இருக்கிறது. அட்டவணைக்காரர் மஞ்சளுக்கு மகிழ்ச்சி என்று போட்டால், நொடித்துப்போன வியாபாரி சிரிப்பார்.

ஆல்பக்காரன்:

இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். சாயப்பட்டறை அண்ணன் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நீலத்துக்கும் துயரத்துக்கும் தமிழில் உறவே இல்லை என்றால், நெய்தலை என்ன செய்வது? நெய்தல் நீலப் பூ. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். அதன் சிறுபொழுது எற்பாடு, சூரியன் சாயும் நேரம். கடற்கரை, சாயும் பொழுது, நீலப் பூ, ஏக்கம் ஆகியவற்றை நம்மவர்கள் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். பூவின் நிறத்துக்காகத்தான் வைத்தார்கள் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனாலும் அந்த இணைப்பு முழுவதும் வெளியூர்ச் சரக்கு இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அரிசியை வெள்ளையாக்குங்கள் என்று நிழற்பெட்டி ஐயா சொல்கிறார், சரி. ஆனால் அரிசி வெள்ளையானதும் அப்பத்தாவின் தோல் என்ன நிறம் என்பதை யார் முடிவு செய்வது? அமெரிக்காவில் கொடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் கடைகளுக்கு நிறம் சரிபார்க்க அட்டைகள் அனுப்பும். பல பத்தாண்டுகளாக அந்த அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். பல நிறத்தவரையும் சேர்த்த அட்டை 1990களில்தான் பரவலாயிற்று. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டதால், கறுத்த தோலின் ஏற்ற இறக்கங்கள் எல்லாம் இருட்டில் போயின. என்னிடம் வருகிறவர்களும் இன்றுவரை "பொண்ணைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்றுதான் கேட்கிறார்கள். தூக்கிக் காட்டினால் முகம் வெளுக்கிறது, அரக்குப் பட்டின் சிவப்பு வெடித்து ஜரிகைக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது, கடைசியில் மணப்பெண்ணின் முகத்தில் இருந்த வெட்கமும் காணாமல் போகிறது. உணர்வைத் தாங்கும் நிறம் பெரும்பாலும் பின்னணியில் இல்லை, தோலில்தான் இருக்கிறது. தம்பி, அரிசியைப் பார்த்து எண்ணை ஏற்றுங்கள்; ஆனால் அப்பத்தாவின் கை, மண்ணும் மஞ்சளும் பட்ட அந்தப் பழுப்பு, உங்கள் நினைவில் உள்ளபடி வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

சாயப்பட்டறை:

நெய்தலில் மாட்டிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் பூ தனியாக அழவில்லை, பொழுதும் கரையும் சேர்ந்துதான் அழுகின்றன என்பதைக் கவனியுங்கள். எந்த நிறமும் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் பேசுகிறது. பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூலில் ஆழம் போதவில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. 1839இல் அவர் இதை ஒரு விதியாகவே எழுதி வெளியிட்டார்.

அமெரிக்க ஒளிப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன் 1973இல் எடுத்த ஒரு படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு வீட்டின் சிவப்பு உள்கூரை, நடுவில் மூடியில்லாத பல்பு, அதை நோக்கி ஓடும் வெள்ளைக் கம்பிகள். படத்தில் மனிதரே முன்னிற்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் வயிற்றைப் பிசைகிறது. அதற்கு நிகரான சிவப்பை நம் கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் பார்க்கும்போது செருப்பைக் கழற்றத் தோன்றுகிறதே தவிர, பயம் வருவதில்லை.

மருதுநாட்டான்:

அனைவருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் உணர்வு தானாக வந்துவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

நிழற்பெட்டி:

செய்யலாம், ஆனால் அப்போது கூட்டத்தில் இருந்தவர்கள் சொன்ன தனிமைக்கே நீங்கள் திரும்பிப் போவீர்கள். ஜெய்ப்பூரில் பிறந்து, இந்தியாவை வண்ணத்தில் மட்டுமே எடுத்துத் தீர்த்த ரகுபீர் சிங் இதைத்தான் வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். கறுப்பு வெள்ளைக்குள் இருக்கும் அந்நியமாதலும் மனக்கசப்பும் மேற்கத்திய நவீன வாழ்வில் இருந்து வந்தவை, இந்தியக் கண் உலகத்தை வண்ணத்தின் வழியாகவே அறிகிறது என்பது அவர் கட்சி. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நம் ஊரிலேயே கறுப்பு வெள்ளையில் குடும்பக் கலகலப்பை எடுத்த எத்தனையோ ஸ்டூடியோக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் உங்கள் படத்தின் செய்தியே சுவரின் நிறம்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மூதாட்டியும் ஒரு முறமும். அது எந்த மாதத்துப் படமாகவும் இருக்கலாம்.

மருதுநாட்டான்:

நேற்றிரவு உட்கார்ந்து செய்து பார்த்தேன். 7400இல் அரிசி பளீரென்று வெள்ளையானது, ஆனால் கைகள் செங்கல்லாகிவிட்டன. ஆல்பக்காரர் அண்ணன் சொன்னபடி கையைப் பார்த்துக்கொண்டே இறக்கி வந்து 6700இல் நிறுத்தினேன். அரிசியில் நீலம் ஒரு சாயலாக மட்டும் இருக்கிறது, சுவர் அப்படியே நிற்கிறது. சட்டத்தின் ஓரத்தில் நான் முன்பு வெட்டி எறிந்திருந்த கரும்புத் தோகையையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். அந்தப் பச்சை வந்ததும் சுவரின் குளிர்ச்சி பாதி குறைந்ததுபோல் எனக்குத் தெரிகிறது; உங்களுக்கும் அப்படித் தெரிகிறதா என்று புதிய படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்று காலையில் அப்பத்தாவிடம் இரண்டு படங்களையும் கைப்பேசியில் காட்டி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். கண்ணுக்கு மேல் கையை வைத்து இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். "சொவத்துல பாரு, நீலம் திட்டுத் திட்டா நிக்குது. துணியில முடிஞ்சு கரைக்கணும்னு உங்கப்பன்ட்ட அன்னைக்கே சொன்னேன்" என்றார்.