விலை ஏறுகிறது, தொட்டி வைத்தால் தீருமா?

மாடிக்காரர்:
காய்கறி விலை ஏறும்போதெல்லாம் புலம்புகிறோம். வெயில் விழும் பால்கனியிலோ துணி மட்டும்தான் காய்கிறது. நகரத்தில் வீட்டுக்குப் பத்துத் தொட்டி வைத்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்கர்:
வந்துவிட்டேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 கலோரி வேண்டும். 100 கிராம் தக்காளியில் இருப்பது சுமார் 18. தக்காளியைத் தின்றே பசியாற நினைத்தால் தினமும் 11 கிலோ! வயிற்றை நிரப்புவது தானியமும் பருப்பும் கிழங்கும் எண்ணெயும். இவற்றில் எதைப் பால்கனியில் விளைவிப்பீர்கள்?

நானும் ஒரு கோடையில் இறங்கிப் பார்த்தவன்தான். தொட்டி, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பெண்ணெய், நாற்று என்று எல்லாமே காசு. நான்கு செடியில் கண்டது இரண்டரைக் கிலோ. அதிலும் பாதிப் பழத்தின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து, செருப்புத் தோல் போலாகிவிட்டது.

பசலைக்கொடி:
அது பூச்சியும் இல்லை, தொற்றும் இல்லை. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சத்து இருந்தாலும், இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் செடியால் அதைக் காய்வரை கொண்டுசேர்க்க முடியாது. நடுவில் வெளியூர் போயிருந்தீர்களா?

கணக்கர்:
போயிருந்தேன். அதைத்தானே நானும் சொல்கிறேன்? வீட்டைவிட்டு நகர முடியாத சம்பளமில்லா வேலையை எந்த வரவில் எழுதுவது?

மாடிக்காரர்:
ஐயா, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. அந்நாட்டுக் காய்கறி விளைச்சலில் ஏறக்குறைய 40 சதவீதம் அவற்றில் கிடைத்ததாக அன்றே மதிப்பிட்டார்கள். அவர்கள் என்ன உழவர்களா?

கணக்கர்:
கொல்லைப்புறமும் பூங்காவும் காலி மனையும் இருந்தவர்கள். நீங்கள் சொல்வது ஆறாவது மாடித் தொட்டியை. போர் முடிந்ததும் பெரும்பாலானோர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கட்டடக்காரன்:
இருவரும் எடையை மறந்துவிட்டீர்கள். ஈர மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டர் பாத்தி கட்டினால் கிட்டத்தட்ட அரை டன். வெளியே நீட்டிய பால்கனியின் விளிம்பில், அழகாக இருக்கிறது என்று வரிசையாகத் தொட்டி அடுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சுவரோரமாக வையுங்கள். பாத்தி கட்டுவதாக இருந்தால் முதலில் பொறியாளரைக் கேளுங்கள்.

பசலைக்கொடி:
அவர் சொல்வது சரி. என் வீட்டில் பாத்தியே இல்லை, அடியில் ஓட்டை போட்ட வாளிகள்தான்.

மாடிக்காரரே, பாதிச் செலவு என்பதை நானும் நம்பவில்லை. ஆனால் கணக்கர் தக்காளியில் தொடங்கியதே பிழை. காய்ப்பதற்கு ஆறிலிருந்து எட்டு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் நாலு மணி நேரமே போதும், கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். கொத்தமல்லியைக் கட்டாகத்தான் வாங்க முடியும். வேண்டியது நாலு தண்டு, மிச்சம் குளிர்ப்பெட்டியின் மூலையில் கூழாகிக் கிடக்கும். அப்படி வீசியதையும் விலை கொடுத்துத்தானே வாங்கினோம்? வீட்டுச் செடியில் சமைக்கும் நேரத்தில் வேண்டியதை மட்டும் கிள்ளிக்கொள்கிறேன்.

புதினாவுக்கு நாற்றுகூட வேண்டாம். இலை உருவிய தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் பத்து நாளுக்குள் வெள்ளை வேர் விடும்.

மாடிக்காரர்:
பாதி என்றது ஆர்வக்கோளாறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொட்டி ஒருமுறைச் செலவு. ஐந்து ஆண்டுக்குப் பிரித்து எழுதிப் பாருங்கள், கணக்கரே.

கணக்கர்:
வெயில் குடித்த பிளாஸ்டிக் தொட்டி ஐந்து ஆண்டு தாங்கினால் எழுதுகிறேன். என்னுடையது இரண்டாம் ஆண்டே தூக்கும்போது விளிம்பு கையோடு வந்துவிட்டது.

புதினாத் தண்டு ஆறு, டம்ளரில் நிற்கிறது. செலவு சுழியம். அதை மட்டும் வரவில் எழுதுகிறேன். தக்காளி நட்டத்தை இன்னும் தள்ளுபடி செய்யவில்லை.

பசலைக்கொடி:
டம்ளர் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஐயா. வெளியூர் போகிறீர்களானால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.