ரோபோ வேக்குவம் கறுப்பு கிரானைட்டைக் கண்டால் திரும்பிவிடுகிறது. அம்மா வீட்டுக்கு எதை வாங்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் அம்மா தனியாக இருக்கிறார்கள். இரண்டு முழங்காலிலும் தேய்மானம், குனிந்து வீடு துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவும் சொந்த ஊருக்கே போய்விட்டார். நான் இருப்பது பெங்களூரில். கூட்டித் துடைக்கும் ரோபோ ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசனை. பட்ஜெட் 35,000 ரூபாய் வரை.

வாங்குவதற்கு முன் சித்தி வீட்டு ரோபோவைச் சில நாள் கொண்டுவந்து ஓடவிட்டோம். லைடார் (லேசரால் சுற்றுப்புறத்தை அளக்கும் கருவி) வைத்த மாடல், பின்பக்கம் ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போகும் வகை. ஹாலும் சாப்பிடும் இடமும் கிரீம் நிற மொசைக். இரண்டுக்கும் நடுவே ஓர் அடி அகலத்தில் கறுப்பு கிரானைட் பட்டை, சுவரிலிருந்து சுவர் வரை. ரோபோ அந்தப் பட்டை வரை வந்து நிற்கிறது, பின்வாங்குகிறது, வேறு பக்கம் போய்விடுகிறது. சாப்பிடும் இடத்துக்குள் ஒரு தடவைகூடப் போகவில்லை. துடைத்த இடத்திலும் காய்ந்த பிறகு வெள்ளைக் கோடுகள். சமையலறை நிலைப்படி ஓர் அங்குலம், அதையும் ஏறவில்லை.

இது அந்த மெஷினின் கோளாறா, எதை வாங்கினாலும் இப்படித்தானா? விலை அதிகமானது வாங்கினால் சரியாகுமா?

மின்பணி கோவை:
கோளாறு இல்லை சகோதரி. ரோபோவின் அடியில், ஓரங்களில் நாலைந்து இடத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் மாதிரி இருக்கும். படியிலிருந்து கீழே விழாமல் இருப்பதற்கான சென்சார்கள் அவை. அகச்சிவப்பு ஒளியைத் தரையை நோக்கி அனுப்பும். ஒளி திரும்பி வந்தால் தரை இருக்கிறது, வராவிட்டால் பள்ளம். கறுப்பு கிரானைட் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அதைப் பள்ளம் என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. மேலே சுழலும் லைடாருக்கு இதில் வேலை இல்லை, அது சுற்றியிருக்கும் சுவரையும் சாமான்களையும் அளந்து மேப் போட மட்டும்தான்.

உறுதி செய்ய வழி இருக்கிறது. முதலில் அந்தச் சென்சார்களைக் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், தூசி படிந்திருந்தாலும் இதே தொல்லை வரும். அதன் பிறகும் நின்றால், பட்டையின் மேல் நாலைந்து வெள்ளைத் தாள்களைச் சேர்த்து ஒட்டி ரோபோவை நேராக அதன் மேல் அனுப்புங்கள். கடந்துவிட்டால் காரணம் நிறம்தான்.

நெல்லைச் சீமை:
எங்கள் வீட்டிலும் இதே கதை. அந்தச் சென்சார்களின் மேல் வெள்ளை டேப் ஒட்டிவிட்டோம். இப்போது கறுப்புத் தரையில் தாராளமாக ஓடுகிறது.

மின்பணி கோவை:
வேலை செய்யும். ஆனால் டேப் ஒட்டினால் பள்ளம் என்று ஒன்று இருப்பதே ரோபோவுக்குத் தெரியாது. வீட்டுக்குள் எங்கேயாவது படி இறங்கினால் நேராகப் போய் விழும். வைகைக்கரை, உங்கள் வீட்டில் படி இருக்கிறதா?

வைகைக்கரை:
தாள் ஒட்டிப் பார்த்தோம், கடந்துவிட்டது! நிறம்தான் காரணம். ஆனால் ஹாலிலிருந்து பின்கட்டுக்கு இரண்டு படி இறங்க வேண்டும், கதவு பகல் முழுக்கத் திறந்தே இருக்கும். டேப் ஒட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஆப்பில் அந்தப் படியைத் தடை செய்த பகுதியாகக் குறித்து வைத்தால் போதாதா?

மின்பணி கோவை:
அதை மட்டும் நம்பாதீர்கள். அம்மா ரோபோவைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் தான் எங்கே இருக்கிறோம் என்று அது சிறிது நேரம் தடுமாறும். அந்த நேரத்தில் தடைக்கோடும் தடுமாறும். சென்சாரை விட்டுவிடுங்கள், தரையை மாற்றுங்கள். பட்டை முழுக்கத் தேவையில்லை. ரோபோ ஏறக்குறைய 35 செ.மீ. அகலம்தான். நடுவில் இரண்டடி நீளத்துக்குக் கிரீம் நிற வினைல் ஸ்டிக்கர் ஒட்டினால் அதுவே பாலம். தாள் வேலை செய்தது என்றால் இதுவும் செய்யும். பளபளப்பு இல்லாத, வழுக்காத ரகமாக வாங்குங்கள், ஓரம் தூக்காமல் அழுத்தி ஒட்டுங்கள். அம்மா நடக்கிற இடம். மீதிப் பட்டையை நின்றபடியே துடைக்கும் நீளக் கைப்பிடி மாப்பால் எப்போதாவது துடைத்தால் போதும்.

இன்னொன்று, விலை ஏறினால் இந்தத் தொல்லை போய்விடும் என்று நினைக்க வேண்டாம். சில மாடல்கள் கறுப்பை நன்றாகச் சமாளிக்கும், சில சமாளிக்காது. பெட்டியில் அதைப் போடவும் மாட்டார்கள். திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் கடையில் வாங்கி, முதல் நாளே உங்கள் தரையில் ஓடவிட்டுப் பாருங்கள்.

தில்லைநகர்:
வெள்ளைக் கோடு தண்ணீரால் வருவது. போர் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்?

வைகைக்கரை:
ஆமாம் போர் தண்ணீர்தான், உப்பு அதிகம். அம்மா அதில் கொஞ்சம் பினாயிலும் விடுகிறார்கள்.

தில்லைநகர்:
இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படியும். கையால் துடைக்கும்போது துணியை அலசி அலசித் துடைப்பதால் அவ்வளவாகத் தெரியாது. ரோபோ கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அதே துணியை வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் விடும் சின்னத் துளைகளிலும் அதே உப்பு அடைத்துக்கொள்ளும். பினாயிலை டேங்கில் விடுவதைப் பெரும்பாலான கம்பெனிகளின் கையேடுகளே வேண்டாம் என்கின்றன. நுரை பம்புக்கு ஆகாது, ரப்பரும் கெடும். வாரண்டி கேட்கும்போது அதுவே வம்பாகும்.

கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் வந்தால் அதைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ஆர்.ஓ. மெஷினின் குடிநீர். ரோபோவுக்குள் இருக்கும் டேங்க் சில நூறு மில்லிதான் பிடிக்கும், செலவு தெரியாது. ஒன்று முக்கியம்: ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை வீடு துடைக்க எடுத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதை ரோபோவில் ஊற்றிவிடாதீர்கள். மெஷினுக்குள் போகும் தண்ணீரை விட உப்பு அதிகம் அதில்தான்.

மாடித்தோட்டம்:
மாப் வகையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சித்தி வீட்டில் இருப்பது மாதிரி துணி இழுக்கும் வகை தூசியைத்தான் எடுக்கும். சாம்பார் சிந்திக் காய்ந்தால் அதன் மேல் ஈரம் தடவிவிட்டுப் போகும், அவ்வளவுதான். இரண்டு வட்டத் துணிகள் சுழன்று அழுத்தித் தேய்க்கும் வகை, அல்லது உருளை வகை பாருங்கள். தரையில் சாப்பாடு விழும் வீட்டுக்கு அதுதான் பொருந்தும். கம்பெனிகள் பெரிதாகப் போடும் 8,000 பாஸ்கல், 10,000 பாஸ்கல் எண்களைப் பார்த்து மயங்காதீர்கள். கார்ப்பெட் இல்லாத மொசைக் தரைக்கு அந்த உறிஞ்சல் தேவையே இல்லை. உறிஞ்சலை விட ஓர பிரஷ் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது நம் வீடுகளில் முக்கியம். வேகமாகச் சுற்றினால் கடுகையும் அரிசியையும் மூலைக்கு மூலை சிதறடிக்கும்.

என் அபிப்பிராயம், மாப்பைத் தானே கழுவி உலர்த்தும் டாக் (ரோபோ திரும்பி வந்து நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பெட்டி) உள்ளதாக வாங்குங்கள். ஈரத்துணியை அப்படியே விட்டால் நம் ஊர் வெயிலில் மறுநாளே நாற்றம் எடுக்கும்.

நெல்லைச் சீமை:
டாக் விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். பெரும்பாலும் அவர்கள் பட்ஜெட்டைத் தாண்டும், அது ஒரு பக்கம். அந்த டாக்கில் அழுக்குத் தண்ணீர் டேங்க் மூன்று நான்கு லிட்டர் பிடிக்கும். நிறைந்தால் நான்கு கிலோ. முழங்கால் தேய்ந்த அம்மா அதைத் தூக்கிக் குளியலறை வரை போய்க் கவிழ்க்க வேண்டும்.

மாடித்தோட்டம்:
நியாயமான கேள்வி. ஆனால் டாக் இல்லாவிட்டால் தினமும் குனிந்து ரோபோவைத் திருப்பி, துணியைக் கழற்றி, அலசி, மறுபடி மாட்ட வேண்டும். டாக்கில் டேங்க் மேல்பக்கம் இருக்கும், குனிய வேண்டியதில்லை. நிறையும் வரை காத்திருக்காமல் பாதியிலேயே கவிழ்த்துவிட்டால் கனமும் இருக்காது. குனியக் கூடாது என்று டாக்டர் சொன்ன ஆளுக்கு எது வசதி என்று பாருங்கள்.

நெல்லைச் சீமை:
குனிவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை, அந்த வகையில் டாக்தான் நல்லது. அப்படியானால் குளியலறைக் கதவுக்குப் பக்கத்திலேயே டாக்கை வையுங்கள், தூக்கிக்கொண்டு நடக்கும் தூரம் குறையும். சூடான காற்றில் உலர்த்தும் டாக்கை இன்வெர்ட்டரில் மாட்டலாமா என்று அதன் வாட் அளவைப் பார்த்து எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:
இதைத்தான் நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன், இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். "நின்றபடி ஊற்றுவது என்றால் செய்துவிடுவேன், குனிய மட்டும் சொல்லாதே" என்கிறார்கள். பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றி, தீபாவளி விற்பனை வரை பொறுத்து வாங்கலாம் என்று இருக்கிறேன். கேமரா வைத்த மாடல்கள் கீழே கிடக்கும் வயர், செருப்பு எல்லாவற்றையும் அடையாளம் கண்டு விலகிப் போகுமாமே, அது வேண்டுமா?

தில்லைநகர்:
விலகிப் போவது உண்மைதான். ஆனால் அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்குள் நெட்டில் இணைந்த கேமரா நடமாடுவதை நான் விரும்ப மாட்டேன். ஐரோபோட் கம்பெனி சோதனைக்கு விட்ட ரூம்பா ரோபோக்கள் எடுத்த வீட்டுப் படங்கள் சமூக வலைத்தளங்களுக்குக் கசிந்ததை 2022-ல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. ஒரு பெண் கழிப்பறையில் இருக்கும் படமும் அதில் இருந்தது. அவை விற்பனைக்கு வந்தவை அல்ல, சம்மதம் கொடுத்து ஓட்டியவர்களின் வீட்டில் இருந்தவை. அப்படியிருந்தும் படம் வெளியே போனது. லைடார் மட்டும் உள்ளதே போதும், இருட்டிலும் வேலை செய்யும். செல்போன் சார்ஜர் வயரையும் கால்மிதியையும் ஓடவிடும் முன் மேலே எடுத்து வைத்தால் சரி. அதையும் அம்மா குனிந்து எடுக்க வேண்டாம், கால்மிதி இருக்கும் இடத்தை ஆப்பில் தடை செய்யுங்கள். பூஜை அறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாக்கோலம் போட்டிருந்தால் அழித்துவிடும்.

மின்பணி கோவை:
கட்டிலுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று அளந்தீர்களா? லைடார் மாடல்கள் பல, மேலே உள்ள குமிழோடு சேர்த்து 10 செ.மீ. அருகில் வரும். 11 செ.மீ. இருந்தால் கவலை இல்லை. வைஃபை ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள், பல மாடல்கள் அதில் மட்டும்தான் இணையும். ஆப்பை உங்கள் செல்லில் வைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்தே நேரம் குறித்துவிடலாம். அம்மாவுக்கு ரோபோவின் மேல் இருக்கும் பட்டன் போதும்.

வைகைக்கரை:
கட்டில் 14 செ.மீ., பிரச்சினை இல்லை. சமையலறை நிலைப்படி ஒன்றுதான் பாக்கி.

மின்பணி கோவை:
பெரும்பாலான மாடல்களுக்கு 2 செ.மீ. தான் கணக்கு, உங்களுடையது இரண்டரை. தச்சரிடம் சொல்லி இரண்டு பக்கமும் சரிவுக் கட்டை போடுங்கள். உயரம் இரண்டரை, நீளம் குறைந்தது 12 செ.மீ., அகலம் நிலைக்கு நிலை முழுதாக. பாதி அகலத்துக்குப் போட்டால் அம்மாவின் கால் தடுக்கும். கட்டையை அசையாமல் ஒட்டச் சொல்லுங்கள், கறுப்புப் பாலிஷ் மட்டும் அடிக்கச் சொல்லாதீர்கள்.

வைகைக்கரை:
தச்சர் ஞாயிற்றுக்கிழமை வந்து அளவெடுக்கிறார். வினைல் ஸ்டிக்கரும் வாங்கியாகிவிட்டது, சித்தி வீட்டு ரோபோ இருக்கும்போதே ஒட்டிச் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.