வாய்க்குள் வைத்த செயற்கைத் தோல்: உங்கள் வீட்டில் யாருக்காவது?

யாங்கோன் தம்பி:
அப்பாவுக்கு நாற்பது வருடக் கூன்யா (பர்மாவில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மடித்துப் போடுவது). கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைப் படை. பயாப்சியில் இன்னும் புற்று ஆகவில்லை என்றுதான் வந்தது, ஆனாலும் வெட்டிவிட்டார்கள். பாங்காக்கில் செய்தது. வெட்டிய இடத்தில் டெருடெர்மிஸ் என்ற செயற்கைத் தோலை வைத்துத் தைத்தார்கள்: அடியில் பஞ்சு மாதிரி கொலாஜன் (தோலில் இருக்கும் புரதம்), மேலே சிலிகோன் தாள்.

மூன்றாம் வாரம் வீட்டில் கஞ்சி குடிக்கும்போது கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒன்று கரண்டியில் விழுந்தது. சதையே கழன்றுவிட்டது என்று அம்மா அலறிவிட்டார். டாக்டர் போனில் சிரித்தார்: "சிலிகோன்தான், எப்படியும் எடுக்க வேண்டியது." டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கோவைப்பழச் சிவப்பில் புதுச் சதை.

எனக்கு உறுத்துவது அதல்ல. அந்தக் கொலாஜன் கன்றுக்குட்டித் தோலில் எடுத்தது. கையெழுத்துப் போட்டவன் நான். அப்பா மாட்டிறைச்சி வாசனைக்கே எழுந்து போகிறவர். இப்போது பீலிக்கான் அம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருக்கிறார். சொல்லவா, வேண்டாமா?

மோல்மேன் அக்கா:
சொல்லாதே தம்பி. அந்தக் கொலாஜன் அப்படியே தங்காது; கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அவர் சொந்தத் திசு அங்கே வளர்ந்துவிடும். எங்கள் சித்தப்பாவுக்குச் சொந்தத் தொடைத் தோலைத்தான் வைத்தார்கள். வாயைவிடத் தொடைதான் எரிந்தது. அப்புறம் வாய்க்குள் முடி முளைத்தது! நாக்கால் தடவித் தடவி, "உள்ளே தாடி" என்பார்.

பெகு மாமா:
அக்கா சொல்வது தப்பு. அவர் வாய், அவருக்குத் தெரிய வேண்டும். மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது சொல்வார்கள். எனக்கும் இதே ஆபரேஷன்தான், நன்றாகவே ஆறியது. ஆனால் தம்பி, முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டாய். புண் ஆறும்போது சுருங்கும், வாய் திறக்காது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் செருகச் சொல், தினமும் நாலைந்து தடவை, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டு. வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்கட்டும். புகையிலையை மட்டும் விட்டேன், வெறும் பாக்குதான் போடுகிறேன் என்பார் உன் அப்பா, நம்பாதே. புகையிலை இல்லாத பாக்கே புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே வெளியிட்டாயிற்று. சட்டைப் பையைப் பார். தலையணை அடியிலும் பார். நான் அங்கேதான் வைப்பேன்.

மோல்மேன் அக்கா:
மாமா, அவன் கேட்டது குச்சியைப் பற்றியா?

யாங்கோன் தம்பி:
11 குச்சி நுழைகிறது மாமா. தலையணை அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. அதைக் கேட்டுவிட்டேன். தோலைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.