மறு: மனநல வகைப்பாட்டில் 'டிஸார்டர்' - கோளாறா, பிறழ்வா, குலைவா?

வணக்கம்.

'டிஸார்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இழையில் இதுவரை கோளாறு, பிறழ்வு, சீர்குலைவு, குறைபாடு, நோய் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன், மனநல மருத்துவத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

> 'மனநோய்' எல்லாருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது என்பது உண்மைதான். ஆனால் துறைக்காரர்களே 'நோய்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி.-10 தன் முன்னுரையில், டிஸார்டர் ஒரு துல்லியமான சொல் அல்ல, டிசீஸ், இல்னஸ் ஆகிய சொற்களால் வரும் பெரிய சிக்கல்களைத் தவிர்க்கவே இதைப் பயன்படுத்துகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. காசநோய் என்றால் கிருமி இருக்கிறது, சளியில் பார்த்துவிடலாம். மனச்சோர்வை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது.

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட மனநல வகைப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, டி.எஸ்.எம்.-3, இந்த இடத்தில்தான் பெரிய திருப்பம். மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையிலான குழு, நோய்முதல் பற்றிய கோட்பாடுகளைத் தள்ளிவைத்துவிட்டு, கேட்டும் பார்த்தும் அறியக்கூடிய அறிகுறிகளை மட்டும் வைத்து வரையறைகளை எழுதியது. அதற்கு முன், ஒரே மாதிரி அறிகுறிகள் உள்ளவருக்கு நியூயார்க்கில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) என்றும் லண்டனில் மனநிலை சார்ந்த நோய் என்றும் பெயர் விழுந்துகொண்டிருந்தது. மருத்துவருக்கு மருத்துவர் பெயர் மாறினால் ஆய்வும் நடக்காது, சிகிச்சையும் நிலையாக இருக்காது. காரணம் தெரியும்வரை காத்திருக்காமல், பெயரிலாவது ஒத்துப்போவோம் என்று எடுத்த முடிவு அது. ஆகவே நாம் தேடும் சொல், காரணம் தெரிந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்று மனச்சோர்வை வைத்தே பார்க்கலாம். டி.எஸ்.எம்.-5இன்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று சோர்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருந்தாக வேண்டும். இரண்டு வாரமாக, கிட்டத்தட்ட தினமும் நீடித்திருக்க வேண்டும். எண்ணிக்கையோடு வேலை முடிவதில்லை. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் இதே சோர்வு வரும், அதையும் பார்க்க வேண்டும். "எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பல நாள் இருந்தீர்களா?" என்று மருத்துவர் கேட்பார். ஆம் என்று பதில் வந்தால் பாதையே மாறி இருமுனை (பைபோலார்) வகையை யோசிக்க வேண்டியிருக்கும், மருந்தும் மாறும். கடைசியாக, இதனால் அவருக்குத் துன்பமோ, வேலையிலும் உறவிலும் இடைஞ்சலோ இருக்கிறதா என்ற கேள்வி. இது இல்லாமல் டிஸார்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, இப்போது சொற்கள்.

கோளாறு பரவலாகப் புழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் 'மூளைக் கோளாறு' தமிழில் ஒரு வசவு. வசவாகப் பழகிய சொல்லை ஒருவருடைய மருத்துவக் குறிப்பில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. பிறழ்வில் நெறி தவறிய வாடை இருக்கிறது. பிறழ் சாட்சி என்கிறோம், நெறி பிறழ்ந்தார் என்கிறோம். ஐ.சி.டி.யின் அடுத்த பதிப்பான ஐ.சி.டி.-11, ஆளுமை சார்ந்த டிஸார்டர்களைப் பழைய வகைப்பெயர்களால் பிரிப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, இலேசானது, மிதமானது, கடுமையானது என்று தீவிரத்தை வைத்தே தரம் பிரிக்கிறது. 'கடுமையான ஆளுமைப் பிறழ்வு' என்று எழுதிப் பாருங்கள், குற்றப்பத்திரிகை போலத் தொனிக்கிறது.

குறைபாடு எடுபடாததற்குக் காரணம் நேரடியானது. கவனக்குறைபாடு (ஏ.டி.ஹெச்.டி.) என்பதில் அது ஏற்கெனவே 'டெஃபிசிட்' என்பதற்கு நிற்கிறது. அதே ஆங்கிலப் பெயரின் முடிவில் டிஸார்டரும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பெயரே எழுத முடியாது.

> சீர்குலைவில் என்ன தவறு?

செய்தித்தாள் அதைச் சட்டம் ஒழுங்குக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. 'சீர்' என்ற பகுதியும் வேண்டாம், எல்லா மனங்களுக்கும் ஒரே சீர் உண்டு என்று அது சொல்லாமல் சொல்கிறது. அதை நீக்கிவிட்டால் மிஞ்சும் குலைவு போதும் என்பது என் பரிந்துரை. தூக்கம் குலைந்தது, நிம்மதி குலைந்தது, நிலைகுலைந்து போனார் என்று அன்றாடம் பேசுகிறோம். துன்பமும் இடைஞ்சலும் அதில் தாமாகவே ஒலிக்கின்றன, காரணம் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பதற்றக் குலைவு, மனநிலைக் குலைவு, தூக்கக் குலைவு, இருமுனைக் குலைவு என்று தடையில்லாமல் கூட்டலாம். இன்னொன்றும் எனக்கு முக்கியம். நோயிலிருந்து 'மனநோயாளி' என்று ஆளுக்கே பெயர் வந்துவிடுகிறது. குலைவிலிருந்து அப்படி ஒரு பெயர் எளிதில் பிறக்காது. 'பதற்றக் குலைவு உள்ளவர்' என்றுதான் சொல்ல முடியும், ஆள் தனியாகவும் அவருக்கு வந்தது தனியாகவும் நிற்கும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஜப்பானை நினைவூட்டுகிறேன். நம் 'மனச்சிதைவு' போலவே அங்கும் 'மனம் பிளந்த நோய்' என்ற பொருள் தரும் பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதன் பேரில், 2002இல் அதை 'ஒருங்கிணைவு குன்றிய நிலை' என்ற பொருளுடைய பெயராக மாற்றினார்கள். அதுவரை நோயாளியின் காதில் விழாமல் மறைத்து வைத்திருந்த பெயரை, அதன் பிறகு அவரிடமே சொல்லும் மருத்துவர்கள் அதிகமானார்கள். தென்கொரியாவும் பின்னர் பெயரை மாற்றியது. மனச்சிதைவுக்கும் மாற்றுச்சொல் தேட வேண்டும், அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

குலைவு பொருந்தாத இடமும் உண்டு. ஆட்டிசத்தில் முன்பு சேர்ந்திருந்த எதுவும் பிறகு குலையவில்லை. அது பிறவியிலிருந்தே வரும் வளர்ச்சிப் போக்கு. அங்கே மட்டும் 'நிலை' என்று வைத்து, ஆட்டிச நிறமாலை நிலை என்று எழுதலாம் என்பது என் கருத்து.

அப்புறம், டயக்னோசிஸுக்கு 'நோயறிதல்' பொது மருத்துவத்தில் இருக்கட்டும். இங்கே நோய் என்ற சொல்லையே தவிர்த்துவிட்டதால் இனங்காணல் போதும். வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் கூட்டும் ஸ்கிரீனிங்குக்கு வேறு சொல் கட்டாயம் வேண்டும். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்வி வினாத்தாளான பி.ஹெச்.கியூ.-9இல் 27க்கு 10 வந்துவிட்டால் மனச்சோர்வு உறுதி என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் அந்த மதிப்பெண் மேற்கொண்டு விசாரிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். 'முன்னாய்வு' என்று வைக்கலாமா? இதற்கும் ஆளுமைக் குலைவுக்கும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.