படுக்கும் முன் 12 சுற்றுச் சுற்றும் நாய்: இயல்பா, நோயா?

கேள்வி (திருவட்டாறு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு நாட்டு நாய் மணிக்கு 11 வயதாகிறது. குட்டியாக இருந்த நாளிலிருந்தே படுக்கும் முன் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சுருண்டு படுப்பான். ஆனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கியதிலிருந்து 10, 12 சுற்று வரை சுற்றுகிறான். பின்னங்கால்களைப் பாதி மடக்கிய பிறகும் படுக்காமல் எழுந்து மீண்டும் சுற்றுகிறான். "பாம்பு கிடக்கிறதா என்று பார்க்கிறான், விடு" என்கிறார் அம்மா. எனக்கு மனம் கேட்கவில்லை. அறிந்தவர்கள் விளக்குங்கள்.

மறுமொழி (பூதப்பாண்டி)

உங்கள் அம்மா சொல்வதில் பொருள் இருக்கிறது. நாயின் முன்னோர் வெட்டவெளியிலும் காட்டிலும் படுத்தவர்கள். புல்லை மிதித்து அமர்த்தவும், அதற்குள் பாம்போ பூச்சியோ இருந்தால் விரட்டவும் சுற்றிய பழக்கம்தான் இன்று வழுவழுப்பான தரையிலும் தொடர்கிறது என்று பலரும் கருதுகிறார்கள். கம்பளத்தின் மேல் நாய் சுற்றிச் சுற்றிப் பிறாண்டுவதைக் குறித்து 1872இலேயே எழுதிய சார்லஸ் டார்வினும், இது புல்லை மிதித்து அமர்த்திய காட்டு முன்னோரின் பழக்கம் என்றே கருதினார்.

ரப்பர் இலை உதிரும் மாதத்தில் எங்கள் விளையில் (தோட்டத்தில்) ஒரு தெருநாய் படுக்கை அமைப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சருகை முன்னங்கால்களால் ஒதுக்கி, மூக்கால் முகர்ந்து, சுற்றிச் சுற்றி மிதித்து, தன் உடம்பின் அளவுக்கே ஒரு குழிவு உண்டாக்கிய பின்புதான் அது படுத்தது. கோடையில் மேல்மண்ணைப் பறித்துவிட்டு அடியிலுள்ள குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுப்பதும் இதன் இன்னொரு பகுதி. நாய்க்குப் பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே வியர்க்கும் என்பதால், மூச்சிரைப்பதோடு குளிர்ந்த தரையும் அதற்கு வேண்டியிருக்கிறது.

மறுமொழி (தக்கலை)

முன்னவர் கூறியது சரியே. ஆயினும் இங்கே கவனிக்க வேண்டியது சுற்றுவதை அல்ல, பழைய அளவு மாறியிருப்பதைத்தான். தயவுசெய்து இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: ஒரே பக்கமாகவே சுற்றுகிறானா? தலையை ஒருபுறம் சாய்த்துக்கொள்கிறானா, தள்ளாடுகிறானா? படியேறத் தயங்குகிறானா? மழைக்குப் பின் படுக்குமிடத்தை மாற்றினீர்களா?

கேட்டவர்

இருபக்கமும் சுற்றுகிறான், தலை நேராகத்தான் இருக்கிறது. முன்பு விறகுப்புரையின் மண்தரையில் படுத்தவனை, ஈரம் ஏறியதால் வராந்தாவின் டைல்ஸ் தரைக்கு மாற்றினோம். நேற்றிரவு விளக்கைப் போட்டுப் பார்த்தேன்: குந்த முயலும்போது பின்னங்கால்கள் நடுங்கி விலகுகின்றன, நகங்கள் தரையில் கீறிக்கொண்டு சறுக்குகின்றன. மூன்று படிகளையும் இப்போது ஒவ்வொன்றாக நின்று நின்றே ஏறுகிறான்.

மறுமொழி (தக்கலை)

தலைசாய்வும் ஒரே பக்கச் சுற்றும் இருந்திருந்தால் உட்காதையோ மூளையையோ ஐயுற வேண்டியிருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்: படுக்க விரும்புகிறான், ஆனால் மடங்கும்போது வலிப்பதால் வலிக்காத ஒரு நிலையைத் தேடிச் சுற்றுகிறான். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை, மனிதர்கள் உட்கொள்ளும் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரொஃபென் போன்றவை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகும். இன்றைக்கே தரையில் தடித்த சாக்கை மடித்து விரித்து, நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

கேட்டவர் (இரண்டு வாரத்திற்குப் பின்)

மருத்துவர் இடுப்பை அழுத்திப் பார்த்தபோது, யாரையும் உறுமாத மணி உறுமினான். மூட்டுத் தேய்மானம் என்று கூறி, நாய்க்குரிய மருந்து எழுதிக் கொடுத்து, உடல் எடையையும் குறைக்கச் சொன்னார். தென்னந்தும்பு அடைத்த பழைய மெத்தைத் துண்டின் மேல் சாக்கு விரித்து, வராந்தாவின் காற்றடிக்காத மூலையில் போட்டிருக்கிறோம். நேற்று எண்ணினேன்: நான்கு சுற்று, ஒருமுறை பிறாண்டல், பிறகு பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டான். உதவிய இருவருக்கும் மனமார்ந்த நன்றி.